கழுத்து ஒட்டும் இடம்

வண்ணார்பேட்டை மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் கடை.
ஆறு வருஷமாக நான்
தலைகளை வெட்டி உடம்புகளில் ஒட்டுகிறேன்.

சுடலைக்கண்ணு அண்ணாச்சி குட்டியானை ஓட்டுகிறவர்.
மகளுக்கு ஒன்பதாவது பிறந்தநாள், எட்டுக்குப் பத்து.
"அந்தப் பறக்குத ஆளு இருக்காம்லா,
அவன் உடம்புல இவ தலைய வச்சிருங்க.
கலரு மட்டும் கொஞ்சம் ஏத்திருங்க, என்னா."

'ஹீரோ' என்று ஒரு ஃபோல்டர்.
நூற்று நாற்பது உடம்புகள், தலையில்லாமல்.
ஆண்கள் நெஞ்சைத் தூக்கி நேராக நிற்கிறார்கள்.
பெண்கள் பதினொன்று.
எல்லோருக்கும் இடுப்பு ஒருபக்கம் ஒடிந்திருக்கும்.
பின்வரிசையில் நின்றவர்கள்;
அவர்கள் வயிற்றை மறைத்த எவனோ ஒருவனின் முழங்கையை
நான்தான் வெட்டி எடுத்தேன்.
நம் நிறத்தில் ஒருவன் உண்டு,
முகமூடிக்குக் கீழே தாடை மட்டும்.
இன்னொருவன் வண்டி ஓட்டுவான்,
இடைவேளைக்கு முன்னால் செத்துப்போவான்.
அவனுக்குத் தனிப் படமே கிடைக்கவில்லை.

இசக்கி ஹர்ஷினி என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
பதினொன்றில் ஒன்றைத் திறந்தேன்.
"இந்தக்கா ஏன் வயிறு வலிக்க மாதிரி நிக்காவ?"
மூடினேன்.
பறக்கிறவனைத் திறந்து தலையை வைத்தேன்.
கழுத்துவரை அவள்.
கழுத்துக்குக் கீழே பனி பெய்கிற ஏதோ ஒரு ஊர்.
"எக்கா, அது ஆரு கை?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.
எல்லோரும் தலையைத்தான் மாற்றச் சொல்வார்கள்.
மாப்பிள்ளைக்கு ஏற்றியிருக்கிறேன், பெண்ணுக்கு ஏற்றியிருக்கிறேன்,
கண்ணீர் அஞ்சலியில் செத்தவருக்கும் இரண்டு புள்ளி.
என் கல்யாண பேனரில் எனக்கே நாலு.

"கைய எங்கலருக்கு மாத்துங்க."
பட்டையைக் கீழே இழுத்தேன்.
சாம்பல் வந்தது, இன்னும் இழுத்தால் புகைக்கரி.
வெளுப்பைக் குறைத்தால் கறுப்பு வருவதில்லை,
அழுக்குதான் வருகிறது.
கறுப்புக்குள் ஒரு செம்பு ஓடுகிறது,
அதை எந்தப் பட்டையிலும் வைக்கவில்லை
இந்த மென்பொருளைச் செய்தவர்கள்.

வெளியே நாலு மணி வெயில்.
தண்ணீர்க் கேனைக் கவிழ்த்து அதன்மேல் ஏற்றினேன்.
தோளில் கட்ட, வீணாய்ப்போன ஒரு ஃப்ளெக்ஸ் துண்டு:
பின்பக்கம் கறுப்பு,
முன்பக்கம் யாரோ ஒரு மணப்பெண்ணின் பாதி முகம்,
மாவு பூசியதுபோல.
"பறக்க மாதிரி நில்லு."
அவள் பறக்கவில்லை.
முழங்காலை மடக்கி, குனிந்து, ஒரு கையை நீட்டி
கபடிக்குப் பாடிப்போகிறவளாய் நின்றாள்.
"உனக்கு என்னளா பவரு?" என்றார் அப்பா.
"தொட்டா அவுட்டு."

சிரித்தார்.
சிரிப்பு பாதியில் நின்றது.
எதை நினைத்தாரோ,
பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்து படத்தை ஏற்றி
எழுத்து சேர்த்துத் திரும்பிப் பார்த்தால்
பழக்கத்தில் என் விரல்
ஏற்கெனவே இரண்டு புள்ளி ஏற்றிவைத்திருக்கிறது.
வெட்கமாக இருந்தது. இறக்கினேன்.

"கலரு ஏத்துனியளா?"
"மஞ்சள் மை தீந்துபோச்சு அண்ணாச்சி, ஏத்துனா பச்சையடிக்கும்."
பொய் என்று அவருக்குத் தெரியும்.
மேசைமேல் கிடந்த தன் கையைக் கொஞ்சநேரம் பார்த்தார்.
ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து
மணிக்கட்டுவரை ஒரு நிறம், அதற்குமேல் ஒரு நிறம்.
"சொந்தக்காரனுவ என்னமும் சொல்லுவானுவ.
சரி, அடிங்க."

எந்திரம் ஒவ்வொரு கோடாகத் துப்பியது.
முதலில் முடி, சடையை மீறிப் பறந்த இரண்டு இழை.
நெற்றி. கண். ஒரு பல் இல்லாத சிரிப்பு.
கழுத்து வந்தபோது கிட்டே போய்த் தேடினேன்,
ஆறு வருஷப் பழக்கம்,
ஒட்டிய இடத்தை.

அப்புறம் தோள். அப்புறம் நீட்டிய கை,
மெதுவாக, நுனி விரல்வரை.
"தொடாத, ஈரம்" என்று கத்தினேன்.
அதற்குள் அவள்
எட்டுக்குப் பத்தின் விரலைத்
தன் விரலால் தொட்டுவிட்டாள்.

மை பட்ட விரலை என் முகத்துக்கு நேரே நீட்டி,
"நீங்க அவுட்டுக்கா."