மூன்று மீட்டர் பிழை

ஹார்லெக் கோட்டைப் பாறையின் அடியில்
ஒரு வாசல் இருக்கிறது, கடலுக்கென்றே கட்டியது.
கப்பல் வந்து நிற்கும், மூட்டைகள் படியேறும்.
பிறகு எந்த நூற்றாண்டிலோ
கடல் ஊடிக்கொண்டு எழுந்து போய்
அரை மைலுக்கும் அப்பால் திரும்பிப் படுத்துக்கொண்டது.
இப்போது வாசலுக்கு எதிரே ரயில் பாதை,
பள்ளிக்கூடம், கோல்ஃப் மைதானம்,
அதையும் தாண்டினால் மணல்மேடுகள்.

ஏழு வருஷத்துக்கு முன் நானும் எமிரும்
அங்கே ஒரு சாப்பாட்டு டப்பாவை ஒளித்துவைத்தோம்.
பச்சை மூடி. உள்ளே
கோடு போட்ட நோட்டு, போலந்து நாணயம்,
வால் ஒடிந்த பிளாஸ்டிக் டைனோசர்,
அன்று அவன் சட்டையிலிருந்து தெறித்த பொத்தான்.
புதைக்கக்கூடாது என்பது விதி.
வேலிக்கட்டையின் காலடியில்
புல்லைக் கூந்தல்போல விலக்கிச் செருகினோம்.
பாகையும் கலையும் குறித்து உலகத்துக்கு அறிவித்தோம்:
வாருங்கள், தேடுங்கள்.

எடுத்தால் ஈடாக ஒன்று வை.
வந்ததற்குக் கையெழுத்துப் போடு.
இருந்தது இருந்தபடி வைத்துவிட்டுப் போ.
விளையாட்டுக்குச் சட்டம் அவ்வளவுதான்.
கல்யாணத்துக்கு இத்தனை தெளிவாக
யாரும் எழுதித் தரவில்லை.

பிரிந்தபோது கார் அவனுக்கு, பூனை எனக்கு.
டப்பா யாருக்கென்று வக்கீல் கேட்கவில்லை.

இந்த மார்ச்சிலிருந்து செய்திகள்.
கிடைக்கவில்லை, என்றது டோர்ட்மண்டுக் குடும்பம்.
இரண்டு மணி நேரம், கிடைக்கவில்லை, வெயில் பிரமாதம்.
கிடைக்கவில்லை, ஆனாலும் நாய்க்குச் சந்தோஷம்.
கடைசியில் ஓர் எச்சரிக்கை:
உரிமையாளர் நேரில் சென்று பார்க்கவும்.
இரண்டு கைபேசிகளுக்கும் போயிருக்கிறது.
ஞாயிறு காலை பலகைப் பாதையின் முடிவில்
அவனும் நின்றான், அதே மஞ்சள் மழைச்சட்டையில்.

பாகைகள் நகரவில்லை.
மேடுதான் எழுந்து நடந்திருக்கிறது,
குளிர்காலம் முழுக்க, ஒவ்வொரு மணலாக.
வேலிக்கட்டைகளில் மூன்றின் உச்சந்தலை மட்டும் வெளியே.
இங்கேதான், என்றது என் கைபேசி.
இங்கேதான், என்றது அவனுடையது, ஆறடி தள்ளி.
பிழை மூன்று மீட்டர் என்று இரண்டிலும் போட்டிருந்தது.
நாங்கள் புதைக்கவில்லை, எமிர் சொன்னான்,
யாரோ விசாரிக்க வந்ததுபோல.

அவன் முழங்கைவரை விட்டுத் தோண்டினான்.
தோண்டிய குழியை மணல் சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டது.

அப்போது கம்பியில் எனக்குத் தட்டுப்பட்டது:
பழைய ஃபிலிம் ரோல் டப்பி, கறுப்பு, கட்டைவிரல் அளவு.
உள்ளே சுருட்டிய காகிதம்.
'முதலில் வைத்தது காணோம்.
அடுத்து வருகிறவர் வெறுங்கையோடு போகவேண்டாம்
என்று இதை வைத்தேன். ஹெய்ல்வென், பார்மத்.'
கீழே பதினொரு கையெழுத்துகள்.
பதினொரு பேர் சந்தோஷமாக வீடு போயிருக்கிறார்கள்.

இது செல்லாது, என்றான் எமிர்.
கோபம் வந்தால் இன்னும் அவனுக்குக் காதுதான் சிவக்கிறது.

யாரோ வருகிறார்கள், என்றேன்.
தேடுவதை அந்நியர் பார்க்கக்கூடாது.
பழைய தந்திரம் ஒன்று உண்டு எங்களுக்கு.
அவன் கை என் தோளில் விழுந்தது,
நான் கடலைக் கைகாட்டினேன், எதையும் காட்டாமல்.
சிவப்புத் தொப்பிக்காரியும் நனைந்த நாயும்
நல்ல நாள் என்று சொல்லிக் கடந்தார்கள்.
மேட்டுக்குப் பின்னால் தொப்பி மறைந்தது.
வானம்பாடி ஒன்று எங்கோ மேலே விடாமல் கத்திக்கொண்டிருந்தது.
பிறகுதான் கையை எடுத்தான்.

ஒளித்தவரே கண்டெடுத்ததாக எழுதக்கூடாது.
ஆனால் இது நாங்கள் ஒளித்ததில்லையே.
பன்னிரண்டாவதாக நான் போட்டேன்: மெய்னிர்.
என் பென்சிலை வாங்கி அவனும் போட்டான்,
ஒரு வரி விட்டு.

கோல்ஃப் மைதானம் தாண்டும்போது பார்த்தேன்,
பென்சில் அவன் சட்டைப்பையில் இருந்தது.
எடுத்தால் ஈடாக ஒன்று வைக்கவேண்டும்.
நான் கேட்கவில்லை.
பத்து நாற்பது ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது,
செருப்பைக் கழற்றி மணலைக் கொட்டினேன்,
அந்த வாசலுக்கு எதிரிலேயே.