எஃப்.சி.க்கு முந்தின பொழுது

ஆடிக் காற்றில் பெயிண்ட் அடிக்கக் கூடாது.
தெரிந்தேதான் அடிக்கிறோம்.
நாளைக்குத் தாராபுரத்தில் வண்டி நிற்காவிட்டால்
நாளுக்கு இத்தனை என்று அபராதம் ஏறும்.
பம்பர் ஓரத்துத் துருவை உப்புத்தாளால் சுரண்டி
வெள்ளை பூசி நிமிர்வதற்குள்
கணவாய் தாண்டி வந்த காற்று
மேட்டாங்காட்டு மண்ணை ஒரு பிடி அள்ளி
ஈரத்தின்மேல் தூவிவிட்டுப் போகிறது.
"போச்சாது, உடு.
ஆபீசருக்குக் கண்ணாடி போட்டாத்தான் தெரியும்."
இவருக்கும் அப்படித்தான்.

மஞ்சள் போர்டு இண்டிகா, பதினோரு வயசு.
பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வண்டி.
பின்சீட்டை உதறினேன்:
ஹேர்கிளிப் ஆறு, கலர் கலராய் நூல் பிசிறு,
ஒரு கொலுசுத் திருகாணி.
திருகாணியை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்,
யாராவது கேட்பாள்.

முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இல்லை.
விளக்குத் திரிக்கு எடுத்தவள் நான்தான்.
புதுப் பஞ்சு வைத்தேன், சத்தமில்லாமல்.

சேசிஸ் நம்பரைப் பென்சிலில் எடுக்க
சின்னவள் கணக்கு நோட்டில் ஒரு தாள் கிழித்தோம்.
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத்
தாளை வைத்துத் தேய்க்கத் தேய்க்கக்
கறுப்புக்குள்ளிருந்து எண்கள் வெள்ளையாய் எழுந்தன.
கடைசி எண் மூன்றா எட்டா என்று
எங்களுக்குள் சின்னதாய் ஒரு சண்டை.
ஆர்.சி. புத்தகம் எட்டு என்றது.
ஜெயித்தது நான்.

முன் டயர் இரண்டும் மொட்டை.
புதுசுக்குப் பணமில்லை என்பதைப்
பேசித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம்
அவர் அண்ணன் ராக்கியப்பன்,
அவரிடமும் இதே இண்டிகா, நிறம்தான் வேறு.
கிணற்றுப் பங்கில் பேச்சு நின்று ஆறு வருசம்.
அத்தையின் காரியத்துக்கே
ஆளுக்கொரு பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்.
ஆனாலும் வருசத்தில் இரண்டு தடவை,
அவர்களுக்குத் தையில், எங்களுக்கு ஆடியில்,
கடவுப் படல் திறக்கும்.
யாரும் கேட்பதில்லை.
கொடியில் சீட் கவர் காய்ந்தால்
துளசிமணியக்காவுக்கு விளங்கிவிடும்.
பொழுது சாயும்போது அவள் பையன்
டயரை ஒவ்வொன்றாய் உருட்டி வந்து
கட்டுத்தரையோரம் சாய்த்துவிட்டு
ஒரு சொல்லும் சொல்லாமல் ஓடுவான்.
பெரியவர்கள் சண்டையை
அவனும் ஒழுங்காகத்தான் போடுகிறான்.

இருட்டினபின் லைட் பார்க்க வேண்டும்.
ஸ்டீயரிங்கில் நான்.
வருசத்தில் இந்த ஒரு நாள்தான் இந்த சீட்டு எனக்கு.
பின்னாலிருந்து குரல் வருகிறது.

லெஃப்ட்.
கண்ணாடியில் பாதி முகம் ஆரஞ்சாகி
அணைந்து ஆரஞ்சாகிறது.
ரைட்.
மற்ற பாதி.
ரிவர்ஸ் போடு.
வெள்ளை வெளிச்சத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது.
எப்போது இப்படி இளைத்தார்?
சாப்பிட்டாச்சு என்று போனில் சொன்ன ராத்திரிகளை
ஒவ்வொன்றாய் நினைத்துப் பார்க்கிறேன்.

பிரேக்.
மிதிக்கிறேன்.
சட்டை, வேட்டி, கையிலிருந்த ஸ்பேனர்,
எல்லாம் சிவப்பாய் நிற்கிறார்.
"எரியுது. காலெடு."
எடுக்கவில்லை.
"ஏனுங், நல்லாப் பாருங்க. ரெண்டுமா?"
"எரியுதுங்கறேன்ல."
"இன்னொருக்காப் பாருங்க."

மறுநாள் ஆபீசர் வண்டியை ஒரு சுற்று வந்து
இரவல் டயரை ஷூ நுனியால் ஒரு தட்டுத் தட்டி
கையெழுத்துப் போட்டாராம்.
ஒட்டிய மண்ணைக் கேட்கவே இல்லையாம்.

பொழுதோட டயர்கள் திரும்பிப் போயின.
கழுவித்தான் அனுப்பினார்.
துவைக்கிற கல்லின்மேல் ஒன்று மிச்சம்,
பச்சை நிறத்தில் சுண்டைக்காய் அளவு,
அவர்கள் டயரின் வால்வு மூடி.
"தையில குடுத்துக்கலாம்" என்கிறார்
மொட்டை டயரில் நட்டை முடுக்கியபடி.

செருப்பைத் தேடுகிறேன்.
படலை இன்னும் யாரும் சாத்தவில்லை,
காற்றுதான் சாத்தப் பார்க்கிறது.