கரண்ட் போன ஞாயிறு

கோட்டையூர் சவேரியார் கோயிலில்
ஆம்ப்ளிஃபயர் என் பொறுப்பு.
தூணுக்குப் பின்னால்
ஒரு ஸ்டூல், எட்டுத் திருகு, என் கை.

பிரசங்கம் முடிந்து எல்லாரும் எழுந்ததும்
உபதேசியார் தனிஸ்லாஸ் மைக்கில் தொடங்குவார்.
ஊர் பின்னால் ஓடும். நானும் ஓடுவேன்:
விண், மண், கன்னி, பிலாத்து
(இந்தப் பக்கமே வராத மனுஷனை
வாராவாரம் பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம்),
கல்லறை, மூன்றாம் நாள், எல்லாம் சரி.
பாவ மன்னிப்பு வரும்போது
பாடகர் மைக்கில் ஒரு இருமல் விழும். குறைப்பேன்.
அடுத்தது உடலின் உயிர்ப்பு.
குனிந்து ஏதாவது ஒரு திருகைத் திருகுவேன்.
மூன்று வருஷமாக அந்த வரியில் மட்டும்
ஒலி கொஞ்சம் ஏறியிருக்கும்.

என் தம்பி இன்னாசி வெல்டர்.
தமாம் பக்கம், கடலுக்குள் ஒரு மேடை.
கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது, காசோலை வந்தது,
கடைசியாக ஒரு பெட்டி. உள்ளே இரண்டு சட்டை.
நீலச் சட்டையைத்தான்
ஆறடிக் குழியில் வைத்து மண் போட்டோம்.

போன ஞாயிறு
'தந்தையாகிய' என்ற இடத்தில் கரண்ட் போனது.
விசிறிகள் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன.
அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.
கையை விரித்தேன்.

மைக் இல்லாத தனிஸ்லாஸுக்கு
எவ்வளவு சின்னக் குரல்!
அவரைத் தொலைத்துவிட்ட ஊர்
ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு
தானே நடந்தது.
மரக்கடைச் சந்தியாகு சர்வேசுரன் காலத்து ஆள்:
நாங்கள் நம்பினோம், அவர் விசுவசித்தார்.
சி.எஸ்.ஐ.யிலிருந்து வாக்கப்பட்டு வந்த எஸ்தருக்குத்
தந்தை இன்னும் பிதாதான்.
முன்வரிசைப் பிள்ளைகள் பாதியை விழுங்கிவிட்டு
ஆமெனுக்குக் காத்திருந்தார்கள்.
இத்தனை பேரையும் இத்தனை நாள்
என் பெட்டிதான் மூடி வைத்திருந்தது.

அந்த வரி வந்தது.
திருக ஒன்றுமில்லை.
ஆத்தங்குடிக் கல்லில் ஒரு பூவைப் பார்த்துக்கொண்டு
வாயை மூடி நின்றேன்.
வரி என்னைச் சுற்றிக்கொண்டு போனது.

வெளியே ஸ்கூட்டியை உதைத்தபடி எஸ்தர்,
"அந்த எடத்துல நிறுத்திட்டீங்கண்ணே."
"கேட்டுச்சா?"
"கரண்ட் இல்லேல்ல."
வண்டி கிளம்பவில்லை. மறுபடி உதைத்தாள்.
"எனக்கு அதுக்கு முந்துன வரி.
இருமிக்கிருவேன்."

கிளம்பிப் போய்விட்டாள்.
பாவ மன்னிப்பை
நான் எப்போதும் சத்தமாகச் சொல்கிறவன்.