மூச்சை இழுத்துப் பிடிங்க

முனவ்வர் பாய் கடையில் மூன்று நின்றன.
மூன்றையும் கால் விரித்துத் தரையில் வைத்துவிட்டு
டீ சொல்லப் போய்விட்டார்.
ஆபீசர்ஸ் லைனில் மே மாதம்.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே
தார் இளகிக் கிடந்தது.

முதலாவது அலுமினியம்.
தொட்டால் நம்பிக்கை வருகிறது.
தூக்கினால் போய்விடுகிறது.

இரண்டாவது மெலிசு, விலையும் மெலிசு.
ஐந்து தட்டாய் நீளுகிற கால்,
கடைசித் தட்டு என் சுண்டுவிரலைவிடச் சின்னது.
உச்சியில் தட்டினேன்.
பாய் திரும்பி வரும்வரை நடுங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது கார்பன்.
விலைச்சீட்டைப் படித்துவிட்டு
முகம் தெரியாதபடி திருப்பி வைத்தேன்.

"ரெண்டு நாள் வச்சுப் பாத்துட்டு சொல்றேன் பாய்."
முதலாவதும் மூன்றாவதும்
ஸ்கூட்டியில் என் காலடியில் வந்தன.

இரவு டூட்டி. ஒரு மணிக்கு மேல் கேஸ் இல்லை.
குழந்தைகள் வார்டில் குளோரி சிஸ்டர்
தராசில் துணி விரித்துத் தந்தார்.
அலுமினியம், ஒன்று எண்ணூறு.
"பால் நல்லா குடிக்குதா? வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிடலாம்."
கார்பன், ஒன்று நூறு.
"ஐயோ, இது இன்குபேட்டர்."

எழுநூறு கிராம் குறைய
எட்டாயிரத்து ஐநூறு ரூபாய் கூட.

எழுநூறு கிராம் என்றால்
சமையலறையில் அது கொஞ்சம் இலவம்பாடிக் கத்திரிக்காய்.
ஒடுகத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி
பீஞ்சமந்தை ஏறுகிறவளுக்கு
முதல் கிலோமீட்டரிலும் கத்திரிக்காய்தான்.
ஐந்தாவதில்
தோளில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டே வருகிற நாத்தனார்.

நாளெல்லாம் நான் சொல்வது ஒரே வாக்கியம்:
மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க.
கல்கத்தாவிலிருந்து ரயிலில் இரண்டு நாள் வந்தவர்களுக்கு
அதையே அரைகுறை வங்காளத்தில், நொட்பென் நா.
சொல்லியும் அசைகிறார்கள்.
விலா எலும்பு புகையாய் விழுகிறது.
நான் கோபப்படுவதில்லை.
நடுங்குகிறவரைக் கொஞ்சம் குனிந்து உட்காரவைத்து
முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தால்
பாதி நடுக்கம் நின்றுவிடும்.

இதை நினைத்தபோது விடியற்காலை நாலரை.
பத்து மணிக்கு பாய் கடை திறந்ததும்
இரண்டையும் திருப்பிக் கொடுத்து
நடுங்குகிறதை எடுத்துக்கொண்டேன்.
"அதுவா?" என்றார்.
"அதுதான்."
பாக்கிப் பணத்தை எண்ணித் தரும்போதும்
அவருக்கு மனசில்லை.

மலைமேல் காற்று, சொல்லிவைத்த மாதிரி.
ரெஜினாவும் அவள் அண்ணனும்
சாமைக் கொல்லை ஓரம் பாறையில் தூங்கிவிட்டார்கள்.
கடைசி இரண்டு தட்டையும் நான் இழுக்கவில்லை.
நடுத்தண்டை உயர்த்தவில்லை.
என் முழங்கால் உயரத்துக்கு அது நின்றது.
நானும் மண்டியிட்டேன்.
அடியிலிருந்த கொக்கியில் துணிப்பையை மாட்டி
மலை சும்மா கொடுத்த கற்களை அள்ளிப் போட்டேன்.
எடை வேண்டியது இங்கேதான்,
ஒடுகத்தூரில் இல்லை.

உச்சியில் தட்டினேன். ஒரு அசைவு, அவ்வளவுதான்.

இருபது நொடி.
பொத்தானை அழுத்தி விரலை எடுத்த பிறகும்
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவசியமே இல்லாமல்.
பால்வீதியைப் பாலாற்றோடு ஒப்பிடப் போவதில்லை.
காட்பாடிப் பாலம் தாண்டுகிற எல்லோரும்
சொல்லியாகிவிட்டது.
புள்ளிகள் புள்ளிகளாக விழுந்திருந்தன.
ஒரு மூலையில் மட்டும்
யாரோ மலையேறுகிற பைக்கின் வெளிச்சம்,
சிவப்பாய் ஒரு கீறல்.
அதை வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

இறங்கும்போது பாரமே தெரியவில்லை என்று
ரெஜினாவிடம் பெருமை அடித்தேன்.
வீட்டில் துணிப்பையை உதறினால்
பாதத்தில் விழப் பார்த்தது
வரி வரியாய் ஒரு கருங்கல்.

குளோரி சிஸ்டர் துணி விரித்தார்.
எழுநூற்று முப்பது.
"இதுக்கு என்ன பேர் வைக்கப்போற?"