நீடாமங்கலம் கேட்

கேட் போட்டுவிட்டார்கள்.
டிரைவர் இன்ஜினை அணைத்ததும்
பஸ் முழுக்கப் புழுங்கியது.
வேர்க்கடலைக் கூடையோடு ஒருவர் ஏறினார்.
அவர் பின்னாலேயே ஏறியதுபோல்
என் போனில் வந்து நின்றது மதிப்பெண்.

எழுநூற்று இருபதுக்கு
இருநூற்று எண்பத்தேழு.

போன வாரம் முந்நூற்றுப் பத்து.
அதற்கு முந்தின வாரம் முந்நூற்று முப்பத்திரண்டு.
தேய்க்கத் தேய்க்கக் குறைவது சோப்பு.
படிக்கப் படிக்கக் குறைவது
என் கண்டுபிடிப்பு.

போனை மடியில் கவிழ்த்தேன்.
கவிழ்த்த பிறகும் தெரிந்தது.

பாசஞ்சர் போயிற்று. கேட் திறக்கவில்லை.
மன்னார்குடி வண்டிக்கு
இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டவேண்டும்.
வந்த பக்கமே கொஞ்ச தூரம் போய்த்தான்
அது கிளை பிரியும்.
நாற்பது நிமிடம்.
இயற்பியலுக்கு நான் ஒதுக்கும் நேரம்.
சைக்கிள்காரர்கள் தடுப்புக்குக் கீழே
தலையைக் கொடுத்துப் புகுந்து போனார்கள்.
எனக்குப் பஸ்ஸோடுதான் போகவேண்டும்.

குழுவில் ரஹ்மத் நிஷா ஐந்நூற்று அறுபத்தொன்று.
எல்லோரும் கட்டைவிரல் உயர்த்தினார்கள். நானும்.
எவ்வளவு என்று அவள் என்னைக் கேட்கவில்லை.
தனியாக ஒன்று அனுப்பியிருந்தாள்:
ஒரு முற்றுப்புள்ளி.
வேறெதுவும் இல்லை.
இருக்கிறேன் என்பதற்கு
அதைவிடச் சின்னதாக எழுத முடியாது.

இறங்கிய இடத்தில் கொள்முதல் நிலையம்.
சாலையின் பாதியை நெல் பிடித்திருந்தது.
ஐப்பசி வெயிலுக்கு நம்பிக்கை கிடையாது,
அரைமணி காய்ச்சும், பிறகு மறந்துவிடும்.
அப்பா கையால் ஒரு பிடி அள்ளிக் கொடுக்க
அந்தப் பையன் கருவியில் போட்டு மூடினான்.
இருபத்தொன்று புள்ளி நாலு.
பதினேழுக்குள் இருக்கவேண்டும்.
அப்பா வாதாடவில்லை. பையனும் நிமிரவில்லை.
அடுத்தவர் பிடியோடு வந்து நின்றார்.

"உனக்கு வந்துச்சா?"
"இருநூத்தி எண்பத்தேழு."
"எனக்கு இருபத்தொண்ணு."

அவருக்கு இறங்கவேண்டும்,
எனக்கு ஏறவேண்டும்,
இரண்டும் மாறிப் பிறந்துவிட்டன என்று
யாரோ சொன்னதுபோல்
ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.
சிரிப்பு நின்ற பிறகு
எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
நெல்லுக்குள் காலால் கோடு இழுத்தேன்.
மேலே சூடு, அடியில் குளிர்ச்சி.

இரவு குவியலுக்குக் காவல்.
நிலைய விளக்கின் கீழே மூட்டைமேல் உட்கார்ந்து
விடைத்தாளைப் பிரித்தேன்.
சரி எண்பத்து மூன்று.
தவறு நாற்பத்தைந்து.
தொடாமல் விட்டது ஐம்பத்திரண்டு.

தவறில் பதினொன்று,
"தவறான கூற்று எது" என்பதைச்
"சரியான" என்று படித்திருக்கிறேன்.
ஆறு, சரியாக வட்டமிட்டு அழித்து மாற்றியது.
அழித்த தடம் இன்னும் மங்கலாக இருந்தது,
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
தொடாததில் பதினான்கு எனக்குத் தெரியும்.
ஒரு மதிப்பெண் பறிபோகும் என்று
நான்கைக் கையில் வைத்துக்கொண்டு
சும்மா இருந்திருக்கிறேன்.

நெல்லின் ஈரம் யாருடைய குற்றமும் இல்லை.
என்னுடையதில் பாதி என் குற்றம்.
விசித்திரம்தான், அதுவே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மீதிப் பாதி அப்படியில்லை.
அறுபத்து மூன்றாம் கேள்வி,
சாய்தளத்தில் உருளும் உருளை,
மூன்று முறை போட்டேன்.
மூன்று விடை வந்தது.
நான்கில் ஒன்றுகூட அவை இல்லை.

பத்தரைக்குத் தூறல்.
அப்பா ஒரு முனையும் நான் ஒரு முனையுமாகத்
தார்ப்பாயை இழுத்து மூடினோம்.
காற்றுக்குச் செங்கல் வைத்தோம்.
தாளை நைட்டிக்குள் செருகிக்கொண்டு
ஈரக் கையைத் துடைத்துவிட்டு
நிஷாவுக்கு அனுப்பினேன்,
ஒரு காற்புள்ளி.