அழத் தொடங்கியது

பாதி விலை என்று மஞ்சள் சீட்டு ஒட்டிய தட்டிலிருந்து
ஸ்திபோர் அதை எடுத்தான்.
பிளம் கூடையைச் சுற்றும் பழ ஈக்களைப்
பிடித்துத் தின்னுமாம்.
ஈ ஒட்டும் நாடாவைவிட மலிவு.

ப்ர்னோ நகரத்தில் இரவு டிராம் ஓட்டுபவன்.
ஏழாவது மாடி. ஜன்னலுக்கு அடியில் ஹீட்டர்.
குழாயைத் திறந்தான், ஊற்றினான்.
பாவம் என்று உரமும் போட்டான்.
ஒருநாள் சலாமித் துண்டு ஒன்றை
இலைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.
விடிந்து வந்தால் இலை கறுத்திருந்தது,
சலாமிக்கு மீசை முளைத்திருந்தது.

அவர்கள் மொழியில் அதன் பேருக்குள் பனி இருக்கிறது.
நம் மொழியில் அழுகண்ணி.
ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு சொட்டு.
அந்தச் சொட்டுதான் அதற்குக் கை, வாய், மாதச் சம்பளம்.

ஜனவரியில் அழுகை நின்றது.
வறண்ட சிவப்பு மயிர்கள், பழைய பல்துலக்கி போல.
ஈக்கள் அதன்மேல் உட்கார்ந்து
சாவகாசமாகக் கால் தேய்த்தன.

கெட்டிலைக் கழுவும்போது கண்டான்,
அடியில் நகக்கனத்துக்குச் சுண்ணாம்பு.
தொட்டியின் சீட்டை அன்றுதான் திருப்பிப் பார்த்தான்.
எறும்பெழுத்தில்: மழைநீர் மட்டும்.
மூன்று மாதம் கல்லைக் கரைத்து ஊற்றியிருக்கிறேன்
என்று யாரிடம் சொல்வது?
கெட்டிலிடம் சொன்னான்.

பால்கனிப் பனியை ஊறுகாய் ஜாடியில் அள்ளி உருக்கினான்.
ஒரு ஜாடிப் பனிக்கு மூன்று விரல் தண்ணீர்.
இலைகளை வெட்டினான். குருத்தும் செத்திருந்தது.
வேர் மட்டும், எரிந்த கம்பிபோல் கறுத்துத் தடித்து,
வளைத்தும் ஒடியவில்லை.
துண்டுகளாக நறுக்கிச் சதுப்பு மண்ணிலும்
கழுவிய மணலிலும் கிடத்தினான்.
மேலே கவிழ்த்த ஜாடியில் இன்னும் வெள்ளரி வாசனை.
உரம் இல்லை. சலாமி இல்லை.
ஒன்றும் கொடுக்காமல் இருக்கப் பழக
அவனுக்கு ஐந்து வாரம் பிடித்தது.

ஆறாவது வாரம் ஒரு பச்சைப் புள்ளி.
பிறகு ஒரு விடிகாலை, கையுறை கழற்றாமலே குனிந்தான்:
நான்கு மயிர், நான்கு சொட்டு.
அழு, என்றான். நன்றாக அழு.

ஜூலையில் பூ. தினம் ஒன்று,
அவன் வீடு திரும்பும் நேரத்துக்குத் திறந்து
தூங்கி எழும்முன் மூடிவிடும்.
வண்டு தேவையில்லை, தனக்குத்தானே சூல் கொள்ளும்.
ஆகஸ்டில் பத்து நாள் அக்காள் ஊருக்குப் போனபோது
எதிர்வீட்டு த்ரஹோமிராவிடம் விட்டுப்போனான்.
பல்செட் செய்யும் கூடத்தில் வேலை அவளுக்கு.
ஜன்னலில் ஒரே ஒரு ஆர்க்கிட்.

திரும்பி வந்து, மிச்ச விதையை
மின்கட்டண ரசீதின்மேல் தட்டினான். கறுப்புத் தூசு.
மூச்சை அடக்கி ஈரத்தின்மேல் தூவினான்.
மூடவில்லை. புதைத்தால் முளைக்காது,
வெளிச்சம் பட்டாக வேண்டும்.
தேதி எழுதினான். விளக்கு வாங்கினான்.
ஏழு வாரம்.
அழகான பாசி வளர்ந்தது.

அக்டோபரில் கதவு தட்டப்பட்டது.
த்ரஹோமிரா, கையில் ஆர்க்கிட்.
"இது உங்கள் வேலையா?"
வேரடிப் பாசியில்
குண்டூசித் தலையளவு வட்டங்கள்.
எண்ணினார்கள். பதினொன்று.
ஒவ்வொன்றும் கண்கலங்கி.
காய்ந்த பூங்காம்பு அவள் ஜன்னல் காற்றில்
ஆடியிருக்கிறது, அவ்வளவுதான்.
அவள் ஊற்றுவது கூடத்திலிருந்து கொண்டுவரும்
காய்ச்சி வடித்த நீராம். ஆர்க்கிட்டுக்கே அது.

அவன் தன் தட்டைக் காட்டினான்.
அவள் சிரிக்கவில்லை. அது மரியாதை.
பெயர்த்து நடலாமா என்றான்.
"பாதி என்னுடையது. எந்தப் பாதி என்று
தெரியும்வரை என் ஜன்னலிலேயே இருக்கட்டும்."

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்போம் நாம்.
அவன் மேஜையில் பிளம் இருந்தது.
ஈ ஒன்று அங்கிருந்து கிளம்பித்
தொட்டி விளிம்பில் இறங்கியது.
பதினொன்றில் மிகச் சிறியதன் முன் நின்றது.
ஈ பெரியது, செடி சிறியது.
இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.