வெற்றுக் கலங்கள்

கல்முனையில், பாமசிக்கு மேல் மாடி.
பதினொரு கணினி, ஓடுவது எட்டு.
பாண்டிருப்பு மீனவர் சங்கத்தின் நாலு வருடத்தை
ஒரு சீ.ஆர். கொப்பியோடு
பையில் போட்டுக்கொண்டு போனேன்.

நிரல் நிமிர்ந்து நிற்பது, நிரை படுத்துக் கிடப்பது.
அதைப் படிக்கவே ஒரு சனிக்கிழமை.

அடுத்த கிழமை முதல் வரைபு.
எல்லாவற்றையும் இழுத்துத் தெரிந்து ஒரு தட்டுத் தட்ட
எழும்பி நின்றன நாலு நீலத் தூண்கள்,
ஏறத்தாழ ஒரே உயரம்.
கடலாவது, நாலு வருடமும் அளந்து தருவதாவது!
ருஷ்தா குனிந்து பார்த்தாள். சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை.
“அக்கா, நீங்க ஆண்டையும் மீனெண்டு நிறுத்திட்டீங்க.”
இரண்டாயிரத்து இருபது,
இரண்டாயிரத்து இருபத்தொன்று...
ஒருவரும் வலை போடாமலே
வளர்ந்திருந்தது காலம்.
தொன்னில் எழுதிய எங்கள் சூரையும் கீரியும்
அதன் காலடியில், தரையோடு தரையாய்.

பக்கத்து மேசை, பேக்கரிக் கலீலுக்கு வேறு வில்லங்கம்.
பாண், பணிஸ், மாலுபாண் என்று வட்டத்தை வெட்டினால்
பாதியை ஒரே துண்டு பிடித்துக்கொண்டது.
“என்னகா இது, இவ்வளவு பெரிய பாண் நான் சுட்டதே இல்லையே!”
அது மொத்தம்.
கூட்டிப் பார்க்க வந்தவன் பாதியைத் தின்ற கதை
நமக்கென்ன புதிதா என்றார்.
மாடி முழுக்கச் சிரித்தது.

மறுகா, கோடு.
மாதத்துக்கொரு புள்ளியாய் நாற்பத்தெட்டு மாதம்.
மார்கழிக் கொந்தளிப்பில் இறங்கி, சித்திரையில் ஏறி
இரண்டு இடத்தில் அறுந்து நின்றது.
வெறுங் கலத்தை என்ன செய்ய என்று
ஒரு சின்னப் பெட்டி கேட்டது:
இடைவெளி விடவா, பூச்சியமாய்க் கொள்ளவா,
கோட்டால் இணைக்கவா?

இருபத்திரண்டு, ஜூன்.
மண்ணெண்ணெய் இல்லை.
ஆட்களுக்குப் பதில் கேன்கள் வரிசையில் நின்ற மாதம்.
தோணிக்குள் நண்டு ஏறி இறங்கியது.
கொப்பி என் கையில்தான் இருந்தது,
எழுத ஒன்றுமில்லாததால் எழுதவில்லை.
அந்தக் கலத்துக்குள் போய்
பூச்சியத்தை என் கையாலேயே தட்டினேன்.
கோடு, கிணற்றில் விட்ட வாளிபோல்
அடியைத் தொட்டு மேலே வந்தது.

மற்றது
இருபத்தொன்று, மார்ச்.
தலைவர் தவபாலன் போனில் சொன்னார்:
“இணைச்சு விடு பிள்ள.
ஐஸ் அறைக்குக் காசு கேக்கிற கடதாசி.
அறுந்த கோட்டுக்கு ஆர் தருவான்?”
இணைத்துப் பார்த்தேன்.
பெப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்கு நூல் பிடித்தாற்போல் நேராய்ப் போனது,
நடுவில் ஒருநாளும் விடியாததுபோல.

பூச்சியமோ, அதைவிடப் பொய்.
அந்த மாதம் பாரை படுகுது, கொள்ளையாய்ப் படுகுது என்று
வார்ட்டு ஜன்னலுக்கு வெளியே சனம் பேசிப் போனது
எனக்கே கேட்டது.
கண்ணாடிப் பெட்டிக்குள் ஒருத்தி கிடந்தாள்,
ஆயிரத்து நானூறு கிராம்.
முப்பத்தொரு நாளும் காலையில் நிறுத்தார்கள்.
நான் எட்டிப் பார்த்து மனதில் எழுதிக்கொண்டது
அந்த ஒரு நிறையைத்தான்:
ஆயிரத்து நானூற்றிருபது. ஆயிரத்து நானூற்றுப் பத்து.
ஆயிரத்து நானூற்றைம்பது.

சுட்டியை இடைவெளியில் வைத்து அழுத்தினேன்.

கடற்றொழில் அலுவலகத்தில்
உத்தியோகத்தர் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
கறுப்பு வெள்ளை அச்சு. என் நீலம் சாம்பலாகியிருந்தது.
அறுந்த இடத்தைப் பேனையால் தட்டி,
“இதில மீன் இல்லையா?”

“மீன் வந்தது சேர்.
நான்தான் வரல்ல.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ஓரத்தில் சின்னதாய் ஒரு கேள்விக்குறி போட்டு
கோப்பில் குத்தினார்.